ஏலீ, ஏலே

இதில் ஒரு சிரிப்பு உண்டு. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், மாடியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் பக்கம், எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கப்போகிற நல்ல சிரிப்பு. ஆனால் அது நாலாம் வார்த்தைக்குத்தான் வரும். இப்போது பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டேகால், முதல் வார்த்தையே முடியவில்லை, ஆகையால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பெல்சியாவும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள், பாடகர் குழுவின் இரண்டாம் வரிசையில், வெள்ளைத் தாவணி முதுகில் ஒட்ட, வயிறு காலையிலிருந்து காலியாக, பாட்டுப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்து ஒரு எழுத்தையும் பார்க்காமல். சாந்தபுரம் கோயிலில் வருஷா வருஷம் இப்படித்தான்: சிலுவையில் தொங்கின நேரத்தில் இயேசு பேசினதாக வேதத்தில் இருக்கிற ஏழு வார்த்தைக்கு ஏழு பேர், பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை ஆளுக்கொரு பிரசங்கம், நடுநடுவே பாட்டு, கடைசியில் வாசலில் கஞ்சி. சிரிக்கிற ஆராதனை இல்லை. ஆனாலும் மாடிப் பிள்ளைகள் நாலாம் வார்த்தைக்கு வாயைப் பொத்துவார்கள், ஏனென்றால் அது ஒன்றுதான் இயேசு பேசின பாஷையிலேயே நிற்கிறது, ஏலீ, ஏலீ, லாமா சபக்தானி, என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அர்த்தம், இந்த ஊர்க் காதில் அது ஏலே, ஏலே என்றுதான் விழும், தெருமுக்கில் ஒரு பையன் இன்னொரு பையனைக் கூப்பிடுகிற மாதிரி. பெல்சியாவே ஆறாம் வகுப்பில் சிரித்து அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கினவள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு அந்த வார்த்தைக்குப் பேசப்போகிறவர் பொன்னையா சார், பிளஸ் டூவுக்குப் பௌதிகம் எடுக்கிற சார், எதிர்ப்பக்கம் முதல் பெஞ்சில் புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் ஒரு பாட்டுப் புத்தகம், யாரோ ஓர் அண்ணன் அங்கே உட்காரப் போனதற்கு, ஆள் வருது தம்பி என்று கையைக் குறுக்கே வைத்தார், அதைப் பெல்சியா பார்த்தாள், பார்த்திருக்க வேண்டாம். ஆள் வராது. கோயிலில் இருக்கிற நானூறு பேரில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான், ஏனென்றால் வருகிறேன் என்று சொன்னதும் அவள்தான். "பிரியமானவர்களே, மன்னியும் என்கிறார்," என்று மேலே பாஸ்டர் இழுத்தார், பிரியமானவர்களேயில் முதல் பாதியை மூக்கிலும் பின்பாதியை நெஞ்சிலும் வைத்து, அவள் ஒன்பதாம் வகுப்பிலேயே பிடித்துவைத்த குரல், "ஏன் மன்னிக்கச் சொல்கிறார், அவர்கள் செய்கிறது இன்னதென்று அறியாமல் செய்கிறார்கள்." அறியாமல். அறிந்து செய்தவர்களுக்கு எந்த வார்த்தை, ஏழில் எத்தனையாவது, ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள், கிடையாது, ஏழிலும் கிடையாது, ஆணி அடித்தவன் அறியாமல் செய்திருக்கலாம், அவன் வேலை அது, பெல்சியா நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாம் நன்றாக அறிந்திருந்தாள்.

சும்மா ஒரு போன்தான். சித்தி மகள் ஜெனிட்டா புது சிம் வாங்கி வந்திருந்தாள், நம்பர் யாருக்கும் தெரியாது, யாரையாவது கலாட்டா பண்ணு அக்கா, பண்ணு அக்கா என்று மடியில் ஏறாத குறை, யாரை என்றதற்கு அவளே பொன்னையா சார் என்றாள். ஆண்டு விழாவில் பெல்சியா அவர் குரலிலேயே அவரை வரவேற்றுப் பேசினபோது, சார் முன்வரிசையில் உட்கார்ந்து தன் குரலைத் தானே கேட்டு மீசைக்குள் சிரித்தவர், ஆகையால் பாதகமில்லை என்று தோன்றியது. கரண்ட் ஆபீஸ் பையன் குரல், மீட்டர் ரீடிங் தப்பு என்று ஆரம்பித்துக் கடைசியில் ஓம் விதி கேட்பது, அவ்வளவுதான் திட்டம். ஆனால் இந்தப் பலகுரல் தொழிலில் அவளுக்குத் தெரிந்த ஒரு சூட்சுமம் உண்டு: யாரென்று கேட்டால் பேரைச் சொல்லக் கூடாது, நான்தான் என்று சொன்னால் போதும், யார் நான் என்பதைக் கேட்கிறவர்களே சொல்லிவிடுவார்கள், அவர்கள் யாரை எதிர்பார்க்கிறார்களோ அந்தப் பேரை. சார் "யாரு" என்றார். அவள் ஒரு பையன் குரலில் "நான்தான்" என்றாள். போனில் மூச்சுச் சத்தம். அப்புறம் சார் "பெனாயாவா" என்றார். அங்கே வைத்திருக்க வேண்டும். ராங் நம்பர் என்று சொல்லி வைத்திருந்தால் இன்றைக்கு வயிற்றில் பசி மட்டும்தான் இருந்திருக்கும். பெனாயா சார் மகன், ஒரே மகன், ஐந்து வருஷத்துக்கு முன்னால் அரையாண்டுப் பரீட்சையில் பார்த்து எழுதினான் என்று சாரே பேப்பரைப் பிடுங்கி, மறுநாள் காலையில் மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால் பிரேயரில் நிறுத்தினார், அன்றைக்கு மத்தியானமே பையன் ஊரில் இல்லை. சொந்தப் பிள்ளை என்றும் பார்க்காதவர் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய பாஸ்டர் பிரசங்கத்திலேயே பாராட்டினார், பிதா தம் குமாரன் என்றும் பார்க்காமல் ஒப்புக்கொடுத்தது போல என்று உதாரணம் வேறு, சார் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். போன வருஷம் அவன் அம்மா, டீச்சரம்மா, இறந்தபோதும் அவன் வரவில்லை, சொல்லி அனுப்ப விலாசம் இல்லை. அந்தப் பெனாயாவின் குரல் பெல்சியாவிடம் இருந்தது. பன்னிரண்டு வயதில் லீவு வேதாகமப் பள்ளியில் அவன்தான் பாட்டு சொல்லிக்கொடுத்தான், எந்தச் சொல்லையும் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு மிடறு விழுங்குவான், அந்த மிடறை அப்போதே எடுத்துவைத்துவிட்டாள், எடுத்து வைத்ததை எங்கேயாவது இறக்காமல் அவளால் இருக்க முடியாது, மிடறு விழுங்கி "ஆமாப்பா" என்றாள். ஜெனிட்டா தலையணையைக் கடித்துக்கொண்டு உருண்டாள். சார் "ஏலே," என்றார், "ஏலே, ஏலே," என்றார், வேறு ஒன்றும் வரவில்லை அவருக்கு, கொஞ்ச நேரம் கழித்து "சாப்ட்டியாலே" என்றார். சாப்ட்டேம்ப்பா. எங்கலே இருக்க. நல்லாருக்கேம்ப்பா. நாளைக்கு நாலாம் வார்த்தை நீங்களாமே, கேள்விப்பட்டேன், கோயிலுக்கு வாறேன். அப்போதாவது வைத்திருக்கலாம், ஆனால் குரல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, நன்றாக ஓடுகிற குரலை நிறுத்துவது ஓடுகிற சைக்கிளிலிருந்து குதிக்கிற மாதிரி, அந்தக் குரல் அடுத்து என்ன சொல்லும் என்று அவள் யோசிக்கவே இல்லை, அதுவாகச் சொன்னது: "அன்னைக்கு நான் பார்த்து எழுதலப்பா." சார் பக்கம் ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு "தெரியும்லே," என்றார், "மறுநாளே தெரியும்." அவன் பார்த்து எழுதினானா இல்லையா என்று பெல்சியாவுக்குத் தெரியாது. ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. அது நல்ல வசனமாக இருந்தது, அவ்வளவுதான். போனை வைத்த பிறகு சிரித்தாளா என்றால் சிரித்தாள், ஜெனிட்டா சிரித்ததால் சிரித்தாள், அப்புறம் போன் அடித்தது, சார் நம்பர், எடுக்கவில்லை, திரும்ப அடித்தது, சத்தத்தை அமுக்கி வைத்தாள், ராத்திரி பார்த்தபோது பதினோரு தடவை, கடைசியாகக் காலை ஆறு மணிக்கு ஒன்று.

"அப்ப அந்தக் கள்ளன் கேக்கான், என்னை நெனச்சுக்கிடும்னு, என்ன நான் சொல்றது," என்று இரண்டாம் வார்த்தை தொடங்கியிருந்தது, ஹார்ட்வேர் கடை செல்வின் அண்ணாச்சி, பக்கத்துச் சிலுவையில் தொங்கினவனுக்கு இன்றைக்கே பரதீசு கிடைத்ததைப் பற்றி, வாக்கியத்துக்கு ஒரு என்ன நான் சொல்றது, பக்கத்தில் ஷைனி வழக்கம்போல முழங்கையால் இடித்து எண்ணிக்கை கேட்டாள், வேறு நாளாக இருந்தால் பெல்சியா விரலைக் காட்டியிருப்பாள். அந்தப் பக்கம் தொங்கின இன்னொருத்தன், நீ கிறிஸ்துவானால் இறங்கேன் என்று கிண்டல் பண்ணினவன், அவனுக்கு யாரும் ஒரு வார்த்தையும் ஒதுக்கவில்லை, ஏழு பேர் பேசுகிற மூன்று மணி நேரத்தில் அவனைப் பற்றி ஒரு நிமிஷம், அதுவும் உதாரணத்துக்கு. வலியோடு தொங்கிக்கொண்டும் கிண்டல் பண்ணினான், அந்த வாய் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். சார் பக்கவாசலைப் பார்த்தார். கதவு திறந்தது, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வெளியே போனாள், மூடியது. சார் போனைப் பார்த்தார். காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லத்தான் பத்தரைக்கே வந்து பாஸ்டர் அறை வாசலில் நின்றாள், சார் வெளியே வந்ததும், சார் என்று கூப்பிட்டும் விட்டாள், "என்னட்டி, மொகம் வெளிறிக் கெடக்கு, வெறும் வயிறா," என்றார், அவள் வாயைத் திறப்பதற்குள் "பெனாயா வாறான் தெரியுமா, கஞ்சிக்காரர்ட்ட ரெண்டு செம்பு தனியா எடுத்து வைக்கச் சொல்லிருக்கேன்," என்றார், நான்தான் சார் அது என்று தொண்டைவரை வந்தது, வாய் திறந்தபோது "நல்லது சார், கர்த்தர் பெரியவர்," என்று அம்மாவின் குரல் வந்தது, அச்சு அசல் அம்மா, பெருமூச்சுகூட. அவளுடைய சொந்தக் குரல் எது, அது எங்கே போயிற்று, நாற்பது குரல் கைவசம் இருக்கிறது, மன்னிப்புக் கேட்கிற குரல் ஒன்று இல்லை. ஏலீ, ஏலீ. வேதப் பாட வகுப்பில் படித்ததை மனசு அது பாட்டுக்குக் குடைந்தது: இயேசுவின் கதைக்கு நாலு சுவிசேஷப் புத்தகம், நாலு மரணம். ஒன்றில் அவர் ஆவியை அப்பா கையில் கொடுத்துவிட்டுச் சாகிறார், ஒன்றில் முடிந்தது என்று சொல்லித் தலையைச் சாய்க்கிறார், மற்ற இரண்டில் அந்தச் சமாதானம் ஒன்றும் இல்லை, ஏன் கைவிட்டீர் என்று ஒரு கூப்பாடு, அப்புறம் வார்த்தையே இல்லாமல் ஒரு பெரிய சத்தம், செத்துப்போனார், அவ்வளவுதான். மற்ற ஆறு வார்த்தையும் மொழிபெயர்ந்து வந்துவிட்டது, இந்த ஒன்று மட்டும் அதே சத்தத்தோடு நிற்கிறது, ஏன், ஏனென்றால் அங்கே நின்ற யாரோ ஒருவர் அந்தக் குரலை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார், அவளைப் போல ஓர் ஆள், வீட்டுக்குப் போய் அதைச் சொன்னபோது அர்த்தத்தைச் சொல்லாமல் சத்தத்தையே செய்து காட்டியிருக்கிறார், கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்திருக்கும், எழுதுகிறவன் பேனாவை வைத்துவிட்டு அந்தச் சத்தத்தையே எழுதியிருப்பான். நினைக்கச் சந்தோஷமாக இருந்தது, ஒரு விநாடிதான், ஏனென்றால் அங்கேயே இன்னோர் ஆளும் நிற்கிறான், ஏலீ என்றதைக் கேட்டு, இந்தா, பழைய தீர்க்கதரிசி எலியாவைக் கூப்பிடுகிறான் என்று சொன்னவன். காது சரியில்லாமல் சொன்னான் என்பார்கள் பிரசங்கத்தில். காதெல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். அந்தக் குரலிலேயே ஒரு தடவை எலியா என்று இழுத்துக் காட்டியிருப்பான், பக்கத்தில் நின்ற நாலு பேர் வயிற்றைப் பிடித்திருப்பார்கள், பொறு, எலியா வருகிறானா பார்ப்போம் என்று எல்லாரும் வாசலைப் பார்த்து நின்றார்கள், வராத ஆளுக்காக, சாகிறவனை மேலே வைத்துக்கொண்டு. சார் பக்கவாசலைப் பார்த்தார்.

மூன்றாம் வார்த்தைக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி ரூபாவதி அத்தை மேலே ஏறினாள், அத்தை மைக்கைத் தொட்டதுமே குரல் நனைந்துவிடும், "அதோ உன் மகன் என்று தாயிடம் சொன்னாரே என் தங்கமே," என்று முதல் வரியிலேயே மூக்கை உறிஞ்சினாள். மகன் போகிற நேரத்தில் தாய்க்கு வேறொரு மகனைக் காட்டிவிட்டுப் போகிறான், அதோ, அவன் இனி உன் மகன், அன்றைக்கே அவன் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனான். இப்படி யாரையாவது காட்ட முடியுமா, இருபத்திரண்டு வயதில் ஒரு பையன், ஒரு மிடறு விழுங்குகிற பையன், பக்கவாசலில் வந்து நின்றால் போதும், சார் அவனைப் பார்த்து ஐந்து வருஷம் ஆயிற்று, சே, என்ன நினைப்பு இது, ஒரு பொய்க்கு உடம்பு தேடுகிற நினைப்பு. மடியில் பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் போன் இருந்தது, ஜெனிட்டா ஊருக்குப் போகும்போது, வம்பு எனக்கெதுக்கு என்று கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன சிம்மோடு. இன்னும் ஒரே ஒரு பொய், சின்னது, இதை முடித்துவைக்கிற பொய், எல்லார் முன்னாலும் அவர் காத்து நிற்பதற்கு முன்னால். அப்பா, வர முடியல என்று அடித்தாள். வர முடியலயா, வர முடியலைப்பாவா, ஐந்து வருஷம் வெளியூரில் இருந்தவன் எப்படி எழுதுவான், தமிழிலா, இங்கிலீஷ் எழுத்திலா, அழித்தாள், திரும்ப அடித்தாள். குரலென்றால் கை தானாக வரும், எழுத்தில் விழுங்குவதற்கு மிடறு இல்லை. வரல என்று மட்டும் போட்டால் கோபம் போல இருக்கும். ஏன் வரல என்று சார் உடனே கூப்பிடுவார், மணி அவள் மடியிலேயே அடிக்கும். பஸ் கிடைக்கல என்று போட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார், சாயங்காலம்வரை, நாளைக்கு, உயிர்த்த ஞாயிறுவரை, அப்புறமும், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு பொய் வேண்டும், அவள் சாகும்வரை பெனாயாவாக இருக்க வேண்டும். "என்னட்டி பண்ணுத," என்று ஷைனி கிசுகிசுத்தாள். "ஒண்ணுமில்ல," என்றாள், ஷைனி குரலிலேயே. விரல் அனுப்புகிற பொத்தானுக்கு மேல் நின்றது. எதிர்ப்பக்கம் சார் போனைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக அதை அணைத்தார். திரை கறுத்ததை இங்கிருந்தே பார்த்தாள். அணைத்துச் சட்டைப் பையில் போட்டு, பக்கத்து இடத்தில் கிடந்த கைக்குட்டையின் ஒரு மூலை சுருண்டிருந்ததை நீவிவிட்டு எழுந்தார், ஏனென்றால் மூன்றாம் வார்த்தை முடிந்து பாடகர் குழு பாட எழுந்துவிட்டது, பெல்சியாவும் எழுந்தாள், பாடினாள், யார் குரலில் பாடினாள் என்று தெரியாது.

பொன்னையா சார் மேடையில் கையில் ஒரு தாளும் இல்லாமல் நின்றார். வேதத்தைத் திறந்து வாசித்தார், ஒன்பதாம் மணி நேரத்தில் என்று தொடங்கி ஏலீ, ஏலீ என்ற இடத்துக்கு வந்ததும் மாடியில் வழக்கம்போல ஒரு கீச்சு, ஓர் அதட்டல். சார் தலையை உயர்த்தி மாடியைப் பார்த்தார். "சிரிச்சுக்கோங்க பிள்ளைகளா," என்றார், "இது கூப்பிடுத சத்தம்தான். நானும் நேத்து கூப்பிட்டேன். என் மகன் அஞ்சு வருஷம் கழிச்சுப் போன் பண்ணான், வாத்தியார்னு பேரு, முப்பது வருஷமா வாயாலதான் பொழப்பு, ஒரு வார்த்தை வரணுமே. ஏலேன்னேன். ஏலே, ஏலேன்னேன். அதையே நாலு தடவை. கடைசியில கண்டுபிடிச்சேன் பாருங்க ஒரு கேள்வி, சாப்ட்டியாலேன்னு." சொல்லி, வாயைப் பிளந்து முழிக்கிற தன் மூஞ்சியைத் தானே செய்து காட்டினார், பௌதிக வாத்தியார், ஐந்து வருஷமாகப் பல்லைக் காட்டாத ஆள், பெரிய வெள்ளிக்கிழமை மேடையில், மாடி முதலில் வெடித்தது, அப்புறம் ஆண்கள் பக்கம், செல்வின் அண்ணாச்சி தொடையில் தட்டினார், ரூபாவதி அத்தை அழுத கண்ணோடு முந்தானையை வாயில் வைத்தாள், பாஸ்டர் குனிந்து தோள் குலுங்கினார், கறுப்புத் துணி போட்ட பலிபீடத்துக்கு முன்னால் நானூறு பேரும் ஒரு மகன் திரும்பி வருகிற சந்தோஷத்தில் சிரித்தார்கள். சொன்ன சிரிப்பு இதுதான். ஷைனி அவள் தோளில் சாய்ந்து சிரித்தாள், பெல்சியா கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு ஓயும்வரை சார் பொறுத்தார். "ஏன் கைவிட்டீர்னு குமாரன் கேக்காரு," என்றார், குரல் இறங்கியிருந்தது, "பிதா பதில் சொல்லல. தேடிப் பாருங்க, அந்த அதிகாரம் பூராவும் பிதா ஒரு வார்த்தை பேசல. இருட்டுதான் இருக்கு. எனக்கு அந்த அப்பனைத் தெரியும். நானும் பதில் சொல்லாம இருந்தேன். எம் பிள்ளையைக் கள்ளன்னு நிறுத்தின மறுநாளே எனக்குச் சந்தேகம், திரும்பப் போயி அந்த விடைத்தாளைப் பார்த்தேன், எழுதினது அவன் சொந்த விடைதான்னு பார்த்துட்டும் வாயைத் திறக்கல. நியாயஸ்தன்னு நீங்க சொன்ன பேரு நல்லாயிருந்துச்சு. இன்னைக்கு அவன் வாறான். அவன் உக்காந்து கேக்கும்போது சொல்லணும்னுதான் இருந்தேன், பஸ் பிந்திருக்கும், பரவால்ல, உங்ககிட்ட சொல்லுதேன், அவன் வந்தா அவன்கிட்டயும் சொல்லுவேன்." யாரும் சிரிக்கவில்லை. வேண்டாம் சார், என்று அவள் நினைத்தாள், இறங்கிவிடுங்கள் சார், அது நான், அது வெறும் நான், நீங்கள் யாரிடமும் சொல்லாததை ஒரு சிம் கார்டுக்குச் சொல்லிவிட்டீர்கள், இப்போது ஊருக்கே சொல்கிறீர்கள், நான் கத்த வேண்டும், கத்தினால் யார் குரலில் வரும். "நேத்து அவன் என்ன கேட்டான் தெரியுமா," என்றார் சார், கண் பக்கவாசலிலிருந்து திரும்பி பாடகர் குழுப் பக்கம் சும்மா வந்து நின்றது, பேசுகிறவர்களின் கண் எங்கேயாவது நிற்குமே அப்படி. "ஒண்ணும் கேக்கல. திட்டல. சாப்ட்டேம்ப்பான்னான். நல்லாருக்கேம்ப்பான்னான். நாளைக்கு நாலாம் வார்த்தை நீங்களாமே, கேள்விப்பட்டேன், கோயிலுக்கு வாறேன்னான். அப்புறம் ஒண்ணு சொன்னான்." சார் நிறுத்தினார். தொண்டை அடைத்ததால் நிறுத்துகிறார் என்று பெல்சியா நினைத்தாள், ஏனென்றால் அந்த இடத்தில் யாருக்கும் அடைக்கும், ஆனால் சார் நிறுத்திய பிறகும் வாக்கியம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, மிடறு விழுங்கி, அன்னைக்கு, நான், பார்த்து, எழுதலப்பா, எங்கே ஓடுகிறது என்று அவள் தேடினாள், தன் உதட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல், எழுத்து எழுத்தாக, சார் சொல்லாத வார்த்தைக்கு முன்னாலேயே போய். உதட்டைக் கடித்தாள். சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரும்பலகையில் தானே போட்ட கணக்கில் பிழையைக் கண்டுபிடித்தால் சாக்பீஸோடு அப்படியே நிற்பார், அப்படி நின்றார், ஒரு கை மேடை விளிம்பில். பிறகு மைக்குக்கு மேலே கொஞ்சம் குனிந்து, யாரையும் அதட்டாத குரலில், இதுவரை அவளால் ஒரு நாளும் எடுக்க முடியாத ஒரு குரலில் கேட்டார்.

"நீயாட்டி?"